தோட்டத்தில் நடமாடுவது யார்?

நம் வீட்டில் ஆடு, மாடு, நாய், பூனை இருக்கின்றன. இவை நமக்குத் தெரிந்தவை. கொல்லைப்புறத்திலும் வேலி ஓரத்திலும் வேறு சில விலங்குகளும் வாழ்கின்றன. அணில், கீரி, முயல், பெருச்சாளி, மரநாய், நரி, வௌவால். இவை எல்லாம் குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. வௌவால் பறக்கும். ஆனாலும் அது பறவை அல்ல. அதுவும் பாலூட்டிதான்.

இவற்றில் பல நம் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் ஏதாவது காணாமல் போனால், பார்க்காமலே பழி போடுகிறோம்.

குஞ்சைத் தின்றது யார்?

ஒரு வீட்டில் இரவு நேரத்தில் கோழிக்குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன.

"இது கீரியின் வேலைதான். விஷம் வைத்துவிடலாம்" என்றார் அண்ணன்.

"கொஞ்சம் பொறு அண்ணே. கீரி பகலில் திரியும். குஞ்சு காணாமல் போவது ராத்திரியில். எது வருகிறது என்று முதலில் பார்ப்போம்" என்றாள் தங்கை.

சாயங்காலம் கூட்டைச் சுற்றி ஈர மண்ணைப் பரப்பினார்கள். கையால் தடவிச் சமப்படுத்தினார்கள். மறுநாள் காலையில் அதில் தடம் பதிந்திருந்தது. சின்ன வட்டத் தடம். நான்கு விரல்கள். நகம் பதியவில்லை.

"கீரிக்கு ஐந்து விரல். நகமும் பதியும். இது பூனை அண்ணே!"

கூட்டில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். அதன் பிறகு ஒரு குஞ்சும் குறையவில்லை.

விஷம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எலியையும் பாம்பையும் பிடிக்கும் கீரி செத்திருக்கலாம். வீட்டு நாய் தின்றிருக்கலாம். குழந்தையின் கையில் பட்டிருக்கலாம்.

அடையாளம் காண்போம்

நாய், நரி: நான்கு விரல்கள். நகம் பதியும்.
பூனை: நான்கு விரல்கள். நகம் பதியாது.
கீரி, மரநாய்: ஐந்து விரல்கள்.
முயல்: உருண்டையான புழுக்கை கிடக்கும்.

மரநாய் இரவில் வரும். பழம் தின்னும். அதன் எச்சத்தில் பழக்கொட்டைகள் இருக்கும். அவை வேறு இடத்தில் முளைக்கும். மரநாய் கூலி வாங்காமல் மரம் நடுகிறது!

அணிலின் முதுகைப் பாருங்கள். தென்னிந்தியாவில் நாம் அதிகம் பார்ப்பது மூன்று கோட்டு அணில். வட இந்தியாவில் ஐந்து கோட்டு அணில்.

துப்பாக்கிக்குப் பதில் கேமரா

ஒரு காலத்தில் காட்டுக்குப் போனவர்கள் துப்பாக்கி கொண்டு போனார்கள். சாம்பியன் என்ற வன அதிகாரி கேமரா கொண்டு போனார். இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் பகுதிக் காடுகளில் வேலை பார்த்தவர் அவர். புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டினார். புலியின் கால் பட்டதும் கேமரா தானே படம் பிடித்தது. அந்தப் படங்களோடு 1927-இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது.

இன்று கம்பி வேண்டாம். உடல் சூட்டையும் அசைவையும் உணர்ந்து படம் பிடிக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. 2018-ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் இவற்றை வைத்தார்கள். 3 கோடியே 48 லட்சம் படங்கள் கிடைத்தன. அவற்றில் புலிப் படங்கள் 76,651. இப்படிப் பார்த்துத்தான் புலிகளை எண்ணுகிறார்கள்.

நாமும் படம் எடுக்கலாம்

நம்மிடம் உள்ள செல்போனே போதும்.

1. காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் அசையாமல் உட்காருங்கள்.
2. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.
3. கை ஆடாமல் சுவரில் சாய்த்துப் பிடியுங்கள்.
4. கிட்டே போகாதீர்கள். துரத்தாதீர்கள். தீனி போட்டு அழைக்காதீர்கள்.
5. இரவில் கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் அடிக்காதீர்கள்.
6. தடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வையுங்கள். தடத்தின் அளவு தெரியும்.

எச்சரிக்கை

எந்தக் காட்டு விலங்கையும் தொடாதீர்கள். குட்டியாக இருந்தாலும் தூக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் வந்தபின் பிழைப்பது அரிது. ஆனால் உடனே தடுப்பூசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம்.

கீரியின் முடிக்காக அதைக் கொல்கிறார்கள். அந்த முடியில் ஓவியம் தீட்டும் தூரிகை செய்கிறார்கள். இது குற்றம். கீரி, மரநாய், நரி ஆகியவற்றை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றைக் கொல்லவோ, பிடிக்கவோ, விற்கவோ கூடாது. தொல்லை இருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. அண்ணன் ஏன் கீரி மீது பழி போட்டார்?
2. தங்கை உண்மையை எப்படிக் கண்டுபிடித்தாள்?
3. உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது காணாத விலங்கு எது? பெரியவர்களிடம் கேளுங்கள்.

எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். நாள், நேரம், இடம், பார்த்தது என்று எழுதுங்கள். ஒரு மாதம் விடாமல் குறித்து வாருங்கள். மாதக் கடைசியில் அதைப் படிப்பு மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊர் விலங்குகளைப் பற்றி முதலில் எழுதியவர் நீங்களாகவே இருக்கலாம்.