கடலோர வீட்டில் கேம் கலெக்ஷன்: சேர்ப்பதும் காப்பதும்

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் அடுத்து வந்து சேருவது பெரும்பாலும் கேம் கன்சோல்தான். நான் மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ப்ளேஸ்டேஷன் கேம்களைச் சேர்த்து வருகிறேன். நிறைய கேம்கள் சேர்க்க விரும்பும் புதியவர்கள் கவனிக்க வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

முதலில், எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். 1990களில் கடைகளில் விற்ற "9999 இன் 1" கேட்ரிட்ஜ் நினைவிருக்கிறதா? உள்ளே இருந்தவை கொஞ்சம் கேம்களே. அதே மரியோ, அதே கான்ட்ரா, வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்!

டிஸ்க்காக வாங்குவதா, டவுன்லோடு செய்வதா? 50 ஜிபி கேம் ஒன்றை 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் கரண்ட் போனால் இன்னும் தாமதம். தவிர, ஆன்லைன் கடைகள் மூடப்படுவதும் உண்டு. நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யு கடைகளில் 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360 கடையில் 2024 ஜூலையிலும் விற்பனை நின்றது. அங்கே மட்டும் கிடைத்த கேம்களை இனிப் புதிதாக வாங்க வழியில்லை. டிஸ்க்கை நண்பருக்கு இரவல் தரலாம், விற்கவும் செய்யலாம். ஆகவே என் ஓட்டு டிஸ்க்குக்கே. டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலை வாங்கிவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

துபாயிலிருந்து வரும் உறவினரிடம் டிஸ்க் வாங்கிவரச் சொல்லலாமா? பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஆனால் அந்த கேமுக்கான கூடுதல் பகுதிகளை வாங்கும்போது டிஸ்க்கின் பகுதியும் உங்கள் அக்கவுண்டின் பகுதியும் பொருந்த வேண்டும்.

அடுத்தது இடம். முதலில் வந்த பிஎஸ்5ல் 825 ஜிபி என்றாலும் நமக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. 100 ஜிபி கேம்கள் என்றால் ஆறோடு சரி. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இணைத்தால் பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்களை அதில் வைத்திருக்க மட்டுமே முடியும். ஆட உள்ளே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, நம் பக்கத்துக்கே உரிய எதிரி: உப்புக் காற்று. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கசியும். கடல் காற்றில் வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சாக்கு உப்பு கசிவதை உப்பளத்தில் வேலை செய்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். அதே கசிவுதான் கன்சோலின் சர்க்யூட் போர்டிலும் நடக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். எங்கள் தெருவில் ஒரு பழைய கேட்ரிட்ஜைக் கழற்றிப் பார்த்தால் பின்கள் பச்சை பூத்திருந்தன.

கன்சோலைக் கடல் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள். ஓடும்போது துணி போட்டு மூடவே கூடாது. அணைத்து, சூடு ஆறிய பிறகு மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் இரு முறையாவது ஓட்டுங்கள்; உள்சூட்டில் ஈரம் உலரும். டிஸ்க்குகளை இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கேட்ரிட்ஜ் பின்களுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சிலும் ஈரம்தானே!

கடைசியாக, சேவ் ஃபைல்கள். டிஸ்க் போனால் வேறு வாங்கலாம், 80 மணி நேரம் ஆடிச் சேர்த்ததை எங்கே வாங்குவது? பிஎஸ்4 சேவ்களை பென் டிரைவில் காப்பி செய்து, அதை உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பிஎஸ்5 கேம்களின் சேவ்களைத் தனியாக யுஎஸ்பியில் காப்பி செய்ய முடியாது. அவற்றுக்குக் கட்டணச் சந்தாவுடன் வரும் ஆன்லைன் சேமிப்பு உதவும். கூடவே எக்செல்லில் ஒரு பட்டியல் தொடங்குங்கள்: கேமின் பெயர், எந்தக் கன்சோல், எந்தப் பகுதி, எந்த டப்பா, இரவல் வாங்கிப் போனவர் யார். அந்தக் கடைசிக் காலம் மிக முக்கியம்.