எக்ஸிட்டானை இறுக்கும் மின்புலம்



எலக்ட்ரானும் துளையும் பிணைந்த ஜோடியான எக்ஸிட்டானை மின்புலம் உடைக்கும் என்பது சாதாரண காலியம் ஆர்சனைடு படிகத்துக்குச் சரி. அங்கே எலக்ட்ரானும் துளையும் ஏறத்தாழ 4 மில்லி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில்தான் பிணைந்திருக்கின்றன. சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் போதும், ஜோடி பிரிந்துவிடும். இந்த விதியை அப்படியே மீயணிக்கோவைக்கும் பொருத்துவது பெரும் பிழை. அங்கே மின்புலம் ஒரு கட்டம்வரை எக்ஸிட்டானை இறுக்குகிறது.

1970இல் லியோ எசாக்கியும் ரபேல் சூவும் முன்வைத்த மீயணிக்கோவையில் குவாண்டம் கிணறுகளும் மெல்லிய அரண்களும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். எலக்ட்ரான் அரண்களை ஊடுருவிப் பல கிணறுகளில் பரவுவதால் குறும்பட்டை என்னும் குறுகிய ஆற்றல் பட்டை உருவாகிறது. அதன் அகலம் 60 மில்லி எலக்ட்ரான்வோல்ட், ஓர் அடுக்கின் நீளம் 6 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சென்டிமீட்டருக்கு 20,000 வோல்ட் புலத்தில் எலக்ட்ரானின் பரவல் 30 நானோமீட்டர், அதாவது ஐந்து அடுக்கு. புலத்தை 1,00,000 வோல்ட்டாக ஏற்றினால் அது ஒரே அடுக்குக்குள் ஒடுங்கும். பட்டை இருந்த இடத்தில் ஆற்றல் மட்டங்களின் ஏணி வந்துவிடுகிறது. முதல் புலத்தில் படியின் உயரம் 12 மில்லி எலக்ட்ரான்வோல்ட், இரண்டாவதில் 60. இதுதான் வானியர்–ஸ்டார்க் ஏணி.

இந்த ஏணி உண்மையில் உண்டா என்று 1960களில் கடும் விவாதம் நடந்தது. சாதாரணப் படிகத்தில் அணுக்களின் இடைவெளி அரை நானோமீட்டர் அளவே என்பதால் படிகள் மிகச் சிறியவை; எலக்ட்ரானின் மோதல்களில் அவை கரைந்துவிடும். அடுக்கின் நீளத்தைப் பத்து மடங்குக்கு மேல் கூட்டியபின்தான் ஏணி தெரிந்தது. 1988இல் எமிலியோ மென்டஸ் குழுவினர் அளந்த ஒளிமின்னோட்ட நிறமாலையில், புலம் ஏற ஏறக் கோடுகள் விசிறிபோல் விரிந்தன. துளை ஒரு கிணற்றில் நிற்க, எலக்ட்ரான் அதே கிணற்றில் இருந்தால் நடுக்கோடு. பக்கத்துக் கிணற்றில் இருந்தால் மேலோ கீழோ ஒரு படி. அந்த வரைபடத்தை ஒருமுறை கையால் வரைந்து பார்க்காதவருக்கு இந்தப் பாடம் முழுமையாகாது.

எக்ஸிட்டான் இறுகும் காரணமும் அங்கேயே தெரிகிறது. கனத்துளை, அதாவது நிறை மிகுந்த துளை, சிறு புலத்திலேயே ஒரு கிணற்றில் அடங்கிவிடும். எலக்ட்ரானும் அதே கிணற்றுக்கு ஒடுங்கும்போது இரண்டும் நெருங்குகின்றன. பிணைப்பு ஆற்றல் சாதாரணப் படிகத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. எலக்ட்ரான் அண்டைக் கிணற்றில் இருக்கும் எக்ஸிட்டானுக்கு இந்த ஈர்ப்பு குறைவு. அதனால் ஏணியின் படிகள் சம உயரத்தில் அமைவதில்லை. ஒளி உட்கவர்தலின் விளிம்பும் குறும்பட்டையின் அடியிலிருந்து நடுவுக்கு, நீலப்பக்கமாக நகர்கிறது. சாதாரணப் படிகத்தில் அது சிவப்புப்பக்கம் நகரும்.

புலத்தை இன்னும் ஏற்றினால் ஒரே கிணற்றுக்குள் எலக்ட்ரான் ஒரு சுவரோரமும் துளை எதிர்ச்சுவரோரமும் ஒதுங்கும். அப்போது நடுக்கோடும் சிவப்புப்பக்கம் சாயத் தொடங்கும். ஆனால் கிணற்றின் சுவர்கள் தடுத்து நிற்பதால் எக்ஸிட்டான் எளிதில் உடையாது.