சம்பளம் கேட்கும்போது குரல் ஏன் தாழ்ந்துபோகிறது?

கேள்வி: துவாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நிரந்தரவாசி. சம்பளம் 3,400 வெள்ளி, ஆண்டு முடிவில் ஒரு மாத ஏடபிள்யூஎஸ் உண்டு. ஐஎஸ்ஓ தணிக்கைக்கு வருபவர்களை இரண்டு ஆண்டுகளாக நானே எதிர்கொள்கிறேன். சென்ற வாரம் ஜூரோங்கில் வேறொரு நிறுவனத்தில் நேர்காணல் முடிந்து, அவர்களுடைய மனிதவளப் பிரிவிலிருந்து போன் வந்தது. பூன் லே பேருந்து முனையத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். மனத்தில் 4,200 இருந்தது. வாயில் வந்ததோ ‘எனிதிங் ஆல்சோ கேன்’. அவர்கள் 3,700 என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘வேறு கம்பெனி 4,500 தருகிறது என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாமே’ என்கிறார் கணவர். தன்னம்பிக்கையோடு பேசு என்கிறார்களே, அது என்ன பேச்சு? எனக்கு ஏன் வரவில்லை?
– ஒரு வாசகி, பூன் லே

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

‘எப்படிப் பேச வேண்டும்’ என்று கேட்டு எழுதுபவர்கள் நிறையப் பேர். ‘எனக்கு ஏன் வரவில்லை’ என்று கேட்பவர்கள் அரிது. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த ‘ஏன்’ பிடிபட்டுவிட்டால் ‘எப்படி’க்கு அதிக நேரம் பிடிக்காது.

உங்கள் கணவர் சொன்ன யோசனையை முதலில் ஒதுக்கிவைத்துவிடுவோம். அவர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். ஆனால் இல்லாத 4,500ஐ இருப்பதாகச் சொல்வது சிங்கப்பூரில் அதிக நாள் நிற்காது. இங்கே பல நிறுவனங்கள் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குச் சம்பளச் சீட்டு கேட்கின்றன. சில, மத்திய சேம நிதிக் (மசே நிதி) கணக்கறிக்கையையும் கேட்கின்றன. இன்னோர் இடத்திலிருந்து அழைப்பு வந்ததென்றால் ‘அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்’ என்பார்கள். அந்த நொடியில் குரல் இன்னும் தாழும். பொய்யைக் காப்பாற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, உங்கள் சுபாவம்தான் காரணம், நீங்கள் அமைதியானவர் என்பதால்தான் பேச்சு வரவில்லை என்கிற எண்ணம். இது பரவலாக இருக்கும் தவறான கருத்து. 1970களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் வில்லியம் ஓபாரும் அவருடைய குழுவினரும் வட கரோலினா நீதிமன்ற விசாரணைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். சில சாட்சிகள் நேராகச் சொன்னார்கள். சிலர் ‘அப்படித்தான் நினைக்கிறேன்’, ‘ஒருவேளை’, ‘ஒரு மாதிரி’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் முட்டுக்கொடுத்துப் பேசினார்கள். மொழியியலில் இவற்றைத் தயக்கச் சொற்கள் என்பார்கள், அதாவது சொன்னதன் பொறுப்பைப் பாதி கழற்றி வைக்கும் சொற்கள். ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகவும் பேசிப் பதிவு செய்து போட்டுக்காட்டியபோது, தயக்கச் சொற்கள் நிறைந்த பதிவைக் கேட்டவர்கள் அந்தச் சாட்சியைக் குறைவாகவே நம்பினார்கள்.

இந்தத் தயக்கம் பெண்களின் பேச்சுக்கே உரியது என்று அந்தக் காலத்து மொழியியலில் ஒரு கருத்து இருந்தது. பதிவுகள் வேறு விதமாகக் காட்டின. துறை நிபுணராகக் கூண்டில் ஏறிய பெண்கள் நேராகப் பேசினார்கள். நீதிமன்றம் பழகாத, செல்வாக்கில்லாத ஆண்கள் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். ஆளின் சுபாவத்தைவிட, அந்த இடத்தில் அவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதே பேச்சைத் தீர்மானித்தது.

உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லாட் அளவுக்கு வெளியே போயிருந்தால் உற்பத்திப் பிரிவு மேலாளரிடம் ‘அனுப்பினாலும் சரி, நிறுத்தினாலும் சரி’ என்பீர்களா? ‘மூன்று துண்டு அளவு தாண்டியிருக்கிறது, இந்த லாட் போகக்கூடாது’ என்பீர்கள். குரலை உயர்த்தத் தேவையே இருக்காது. மைக்ரோமீட்டர் காட்டிய அளவு கையில் இருக்கிறது, எல்லை எது என்பதும் தெரியும். தன்னம்பிக்கையான பேச்சு என்று நீங்கள் தேடுவது தினமும் நீங்கள் பேசுவதுதான். பேருந்து முனையத்தில் நின்றபோது உங்கள் கையில் அளவு இல்லை. அவ்வளவுதான் காரணம். எனவே வெள்ளிக்கிழமைக்குள் பேச்சுப் பயிற்சி தேவையில்லை, கணக்குதான் தேவை.

ஏடபிள்யூஎஸ் என்பது ஆண்டு முடிவில் கிடைக்கும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம். சட்டப்படி கட்டாயம் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. இப்போது நீங்கள் வாங்குவது 3,400 வெள்ளி வீதம் 13 மாதம், ஆண்டுக்கு 44,200. புதிய இடத்தில் ஏடபிள்யூஎஸ் இல்லையென்றால் 3,700 வீதம் 12 மாதம், 44,400. மாதம் 300 வெள்ளி உயர்வு என்று காதில் விழுந்தது, ஆண்டுக்கு 200 வெள்ளிதான். இதுவரை கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, புதிய இடத்தில் அந்த வசதி இல்லையென்றால் அந்த 200ம் போக்குவரத்துக்கே போதாது. முதலாளி கட்டும் 17 விழுக்காட்டு மசே நிதி (55 வயது வரையிலான விகிதம் இது) ஏடபிள்யூஎஸ்ஸுக்கும் சேரும் என்பதால், அதைச் சேர்த்துப் பார்த்தாலும் நிலைமை மாறாது.

இப்போது உங்கள் 4,200ஐப் பாருங்கள். ஏடபிள்யூஎஸ் இல்லாத இடத்தில் அது ஆண்டுக்கு 50,400. ஏடபிள்யூஎஸ் தரும் இடத்தில் 3,880 வாங்கினாலே 50,440 வந்துவிடும். ஆக, மனத்தில் இருந்த எண் ஒன்றல்ல, இரண்டு. எது பொருந்தும் என்று தெரியாத நிலையில்தான் அன்று உங்களிடம் விலை கேட்டார்கள். தொண்டையில் சிக்கியதில் ஆச்சரியம் இல்லை. முதலில் நீங்கள் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல: ‘ஏடபிள்யூஎஸ் உண்டா? ஒப்பந்தத்தில் எழுதியிருக்குமா? ஷிப்ட் அலவன்ஸ், போக்குவரத்து, ஆண்டு விடுப்பு எப்படி?’ ஓவர்டைமையும் கேட்டுக்கொள்ளுங்கள். உடலுழைப்பு சாராத வேலைகளில் அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேல் போனால் ஓவர்டைம் ஊதியத்தை வேலை நியமனச் சட்டம் கட்டாயமாக்கவில்லை.

பிறகு வெளிச்சந்தை நிலவரம். மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வரும் வேலை விளம்பரங்களில் சம்பள வரம்பு போட்டிருக்கும். இந்த நிறுவனத்தின் விளம்பரமே அங்கே இருக்கலாம், தேடிப் பாருங்கள். 3,500 முதல் 4,500 என்று போட்டிருந்தால் 3,700 எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே விளங்கும். மனிதவள அமைச்சு தொழில்வாரியான ஊதியப் பட்டியலையும் வெளியிடுகிறது. செய்திகளில் அடிபடும் இடைநிலைச் சம்பளத்தை மட்டும் உங்கள் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். இடைநிலை என்றால் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பவரின் சம்பளம். 2024இல் முழுநேர வேலையில் இருந்த சிங்கப்பூர்வாசிகளுக்கு அது 5,500 வெள்ளி. அதற்குள் முதலாளி கட்டும் மசே நிதியும் அடக்கம்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், வேலை பாஸில் இருக்கும் வெளிநாட்டு நண்பர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி, எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300 என்பவை விண்ணப்பிக்கத் தேவையான குறைந்தபட்சத் தொகைகள். வயது கூடக் கூட அவையும் கூடும். அதையே அந்த வேலையின் விலையாக எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னொன்று, வேலை கொடுத்ததற்காக அவர்களிடம் சம்பளத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்டால் அது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

இனி பேச்சுக்கு வருவோம். மனிதவளப் பிரிவோடு ஆங்கிலத்தில்தான் பேசுவீர்கள். சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

“வாய்ப்புக்கு நன்றி, உங்களோடு சேர எனக்கு விருப்பம். அன்று போனில் கேட்டபோது விவரம் கையில் இல்லாமல் பதில் சொன்னேன். இப்போது கணக்குப் பார்த்துவிட்டேன். என் இப்போதைய ஆண்டு வருமானம் 44,200 வெள்ளி. ஐஎஸ்ஓ தணிக்கையை நான் தனியாகக் கையாண்டிருக்கிறேன், உங்களுக்கும் அது முதல் நாளிலிருந்தே பயன்படும். அதனால் 4,350 கேட்கிறேன்.”

ஏடபிள்யூஎஸ் உண்டு என்று சொல்லியிருந்தால் 4,350க்குப் பதில் 4,050. இரண்டும் நீங்கள் விரும்பும் தொகையைவிடச் சற்று மேலே இருப்பதால், அவர்கள் கொஞ்சம் குறைத்தாலும் உங்கள் இடத்துக்கே வந்து சேரும். ‘நாலாயிரத்துச் சொச்சம்’ என்று உருட்டிச் சொல்லாமல் திட்டமான எண்ணைச் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாலியா மேசன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், திட்டமான எண் சொன்னவரிடம் எதிர்த்தரப்பு குறைவாகவே பேரம் பேசியது. இவர் விவரம் தெரிந்து சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் விஷயத்தில் அது உண்மையும்கூட.

அந்தப் பேச்சில் ‘அன்று விவரம் இல்லாமல் சொன்னேன்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ‘ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டோமே, இனி எப்படிக் கேட்பது’ என்று நீங்கள் கூச்சப்படலாம். நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, கையெழுத்தும் போடவில்லை. ‘தணிக்கை உங்களுக்கும் பயன்படும்’ என்பதும் அப்படியே முக்கியம். ஹானா ரைலி போல்ஸ், லிண்டா பாப்காக் ஆகியோர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளில், கூடுதல் சம்பளம் கேட்ட பெண்களோடு வேலை செய்ய மதிப்பீட்டாளர்கள் ஆண்களிடம் காட்டியதைவிட அதிகமாகத் தயங்கினார்கள். நியாயமற்ற நிலைமைதான். கோரிக்கையை நிறுவனத்தின் வேலையோடு இணைத்துச் சொன்னபோது அந்தத் தயக்கம் குறைந்தது.

எண்ணைச் சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். ‘நெகோஷியபிள்தான்’, ‘முடியாவிட்டால் பரவாயில்லை’, ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று ஒட்டுப் போடும்போதுதான் 4,350 கரையத் தொடங்கும். மறுமுனையில் சில விநாடி பேச்சிருக்காது. பெரும்பாலும் அவர் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். உங்கள் மென்மையை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். 2006இல் அலிசன் ஃப்ராகேல் செய்த ஆய்வில், பலர் சேர்ந்து செய்யும் வேலைகளுக்குத் தயக்கத்தோடு மென்மையாகப் பேசுபவர்களையே பங்கேற்றவர்கள் விரும்பினார்கள். நீங்கள் போகப்போவதும் அப்படியொரு குழுவுக்குத்தான். நன்றி சொல்வதிலும் காரணம் சொல்வதிலும் எவ்வளவு மென்மை வேண்டுமானாலும் இருக்கட்டும், எண்ணில் மட்டும் வேண்டாம்.

கேட்டால் வேலையே போய்விடுமோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. உங்களுக்கு இப்போதே ஒரு வேலை இருக்கிறது. ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் வெளியிட்ட பேச்சுவார்த்தை நூலில் இதைத்தான் மாற்றுவழி என்று முன்வைத்தார்கள், அதாவது பேச்சு முறிந்தால் கையில் மிஞ்சுவது. உங்களுக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு 44,200 வெள்ளியும் ஆறு ஆண்டு பழகிய இடமும். 3,700க்கு மேல் நகர மாட்டோம், ஏடபிள்யூஎஸ்ஸும் இல்லை என்று அவர்கள் சொன்னால், நானாக இருந்தால் துவாஸிலேயே இருந்துவிடுவேன். வேலையின் தன்மையோ பதவியோ மிகவும் பிடித்திருந்தால் அது வேறு கணக்கு, அதை நீங்கள்தான் போட வேண்டும்.

ஒருமுறை யாரிடமாவது பேசிப் பார்க்க விரும்பினால், பூன் லேயிலிருந்து எம்ஆர்டியில் மூன்றாவது நிலையமான ஜூரோங் ஈஸ்ட்டில், தேவன் நாயர் பெயரிலான கழகத்தில் என்டியுசியின் இ2ஐ அமைப்பு இருக்கிறது. வேலை ஆலோசகர்களை அங்கே சந்திக்கலாம்.

அவர்கள் சம்மதித்தால் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். முக்கிய வேலை நியமன விதிமுறைகளை, அதாவது சம்பளம், வேலை நேரம், விடுப்பு போன்ற விவரங்களை, வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தந்தால் போதும் என்கிறது சட்டம். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், சேருமுன்பே கேளுங்கள். கடிதம் கைக்கு வந்து, பேசிய எண்ணும் ஏடபிள்யூஎஸ்ஸும் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே துவாஸில் ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். உங்கள் பழைய ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். எழுதியிருக்காவிட்டால், ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர் என்பதால் உங்களுக்கு நான்கு வாரம். புதிய இடத்தில் சேரும் தேதியை அதற்குப் பிறகு வரும் ஒரு திங்கட்கிழமையாகப் போடச் சொல்லுங்கள்.