ஜோடி பிரியாத யந்திரங்கள்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நான் முதன்முதலாகச் சேர்த்த ஜோடி, உண்மையில் ஜோடியே அன்று. அயோவா மாநிலத்துத் தலைநகரான டெ மாய்னில் குடியேறிய புதிதில், ஒரு வீட்டுப் பேஸ்மென்டிலிருந்து பொன்மஞ்சள் நிற வாஷர் ஒன்றையும், நாற்பது மைல் தள்ளியிருந்த ஒரு சிற்றூரிலிருந்து அதே நிறமென்று எனக்குத் தோன்றிய டிரையர் ஒன்றையும் வாங்கி வந்து, கராஜில் அருகருகே நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்துப் பூரித்துப் போனேன். மறுநாட் காலை கதவைத் திறந்து வெயில் உள்ளே விழுந்தபோது, ஒன்று மஞ்சள்பொடியின் நிறமாகவும், மற்றொன்று ஊறிய வெந்தயத்தின் நிறமாகவும் தெரிந்தன. விசைகள் இருக்கும் மேற்பலகையில் ஓடிய வெள்ளிக் கரையும் ஒன்றில் அகலமாகவும் மற்றதில் குறுகலாகவும் இருந்தது. அன்று முதல் கண்ணை நம்புவதை விட்டு, யந்திரத்தின் தகட்டில் பொறித்த எண்ணை நம்பத் தொடங்கினேன்.

அந்தத் தகட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வதே இந்த வித்தையின் அரிச்சுவடி. மேடேக் கம்பெனியின் வாஷரில் ஏ806 என்று இருந்தால், அதற்கு உரிய மின்சார டிரையர் டிஇ806. எரிவாயுவில் ஓடுவதாயின் டிஜி806. வரிசை எண்ணின் இறுதியில் நிற்கும் இரண்டு எழுத்துக்கள் அந்த யந்திரம் பிறந்த காலத்தைச் சொல்லும். ஜெனரல் எலெக்ட்ரிக் யந்திரங்களில் வரிசை எண்ணின் முதல் எழுத்து மாதத்தையும் இரண்டாம் எழுத்து ஆண்டையும் குறிக்கும். ஆனால் ஆண்டெழுத்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை திரும்பி வருமாதலால், வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். சியர்ஸ் கடைகளில் விற்ற கென்மோர் யந்திரத்தின் மாதிரி எண் 110 என்று தொடங்கினால், அதைச் செய்தது வேர்ல்பூல் கம்பெனி என்பது திண்ணம். அதன் உதிரிப் பாகங்களைத் தேடவேண்டிய இடமும் அப்போதே தெரிந்துவிடுகிறது.

இரண்டு தகடுகளிலும் மாதங்கள் முன்பின்னாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சில சமயம் ஆண்டுகளே வேறுபட்டும் ஜோடி மெய்யான ஜோடியாக இருக்கும். ஏனெனில் இந்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் வாஷர் முதலில் வந்தது. டிரையர் கைக்கு எட்டியபின் வந்தது. தானியங்கி வாஷரை பெண்டிக்ஸ் கம்பெனி 1937-ல் அறிமுகம் செய்தது. வடக்கு டகோட்டாவின் உறைபனிக் குளிரில் தம் தாயார் துணி உலர்த்தப் படும் பாட்டைக் காணச் சகியாத ராஸ் மூர் என்பவரின் பிரயாசையால் உருவான டிரையர், விஸ்கான்சின் மாநிலத்து ஹாமில்டன் கம்பெனியின் வாயிலாக 1938-ல் விற்பனைக்கு வந்தது. பிறப்பில் இவ்வளவு நெருங்கியவை, சாமானிய இல்லங்களில் ஒன்றாய்ச் சேர அதற்குப்பின் பல்லாண்டுகள் பிடித்தன.

ஜோடிகள் இன்று அரிதாய்ப் போனதற்குக் காரணம் மிக எளியது. வாஷர் தண்ணீரோடு வாழ்கிறது. டிரையர் காற்றோடும் வெப்பத்தோடும் மட்டுமே வாழ்கிறது. தண்ணீர் கசிந்து, பேரிங் துருப்பிடித்து, வாஷர் முதலில் மாண்டுபோக, அதை மட்டும் மாற்றிவிட்டு டிரையரை அப்படியே வைத்துக்கொள்வது பெரும்பாலோர் வழக்கம். ஆகையால் துணையற்ற டிரையர்கள் எங்கும் கிடைக்கும். நல்ல நிலையிலுள்ள வாஷர்தான் அபூர்வம். ஒன்றைத்தான் முதலில் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், வாஷரை வாங்கிவைத்துக்கொண்டு டிரையருக்காகப் பொறுத்திருங்கள் என்பதே என் அனுபவம் கூறும் யோசனை.

நான் மேடேக்கின்மேல் பற்றுக்கொண்டதற்கு அண்டை வாசமும் ஒரு காரணம். 1893-ல் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கி, 1907-ல் சலவை யந்திரத்தில் கைவைத்த அந்தக் கம்பெனியின் ஊரான நியூட்டனுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2006-ல் வேர்ல்பூல் அதை வாங்கியது. மறு ஆண்டே நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. ஓர் ஊரே தன் கையால் செய்து நாடெங்கும் அனுப்பிய பொருள், அந்த ஊருக்கு அருகிலேயே பழைய இரும்பு விலைக்குப் போவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மேடேக் வாஷரின் வேலைத்திறத்தை அறிய வேண்டுமாயின் முன்பலகையைக் கழற்றிப் பார்க்கவேண்டும். கீழ்ப்புறத்து இரண்டு திருகாணிகளை நீக்கிவிட்டால் பலகை கையோடு வந்துவிடும். உள்ளே ஒரு மோட்டார், ஒரு பம்பு, இரண்டு பெல்ட்டுகள், அவ்வளவுதான். மோட்டார் ஒரு பக்கமாகச் சுழன்றால் துணி அலசப்படும். எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் தொட்டி சுழன்று நீரைப் பிழியும். அந்த மோட்டாரோ ஓரிடத்தில் இறுக்கப்பட்டதன்று. ஸ்பிரிங்குகள் பூட்டிய ஒரு சட்டத்தின்மேல் முன்னும் பின்னும் நகரக்கூடியது. ஈரத்துணியின் பாரத்தோடு தொட்டி சுழலத் தொடங்கும் வேளையில், சட்டம் சிறிது நகர்ந்து இடம்விட, பெல்ட் வழுக்கி வழுக்கி, தொட்டியை மெல்ல மெல்ல வேகத்துக்குக் கொண்டுவருகிறது. நான் இதை அறியாமல் கடையில் கிடைத்த சாதாரண பெல்ட் ஒன்றை மாட்டி ஓட்டியபோது, அது வழுக்காமல் சட்டென்று பிடித்துக்கொள்ள, யந்திரம் முழுதும் குலுங்கி, நின்ற இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்துவிட்டது. மேடேக்குக்கென்றே செய்த பெல்ட்டைத் தவிர வேறெதையும் அதில் மாட்டலாகாது.

வாங்குமுன் பார்க்கவேண்டிய இடமும் அந்த முன்பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. டார்ச் விளக்கைப் பிடித்துத் தொட்டியின் அடிநடுவை நோக்குங்கள். அங்கிருந்து துரு வழிந்த கோடு கீழிறங்கியிருந்தால், நடுத்தண்டின் சீல் பழுதாகி நீர் பேரிங்குக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் செப்பனிடலாம், ஆனால் ஒரு வாரத்து உழைப்பும் தக்க கருவிகளும் வேண்டும். வெளிப்புறத்துக் கீறலைக் கண்டு விலகுகிறவர்கள் இந்தக் கோட்டைக் காணாமல் விட்டுவிடுகிறார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்வெஸ்ட் கோல்ட், அவகாடோ கிரீன், ஓரங்கள் கருத்துத் தோன்றும் காப்பர்டோன் ஆகியவை அறுபது, எழுபதுகளின் நிறங்கள். பல வாஷர்களின் மேற்தகடு கண்ணாடிபோல் சுட்ட பீங்கான் பூச்சு. பக்கங்களும் பல டிரையர்களின் மேற்புறமும் வெறும் பெயின்ட். பீங்கான் மங்குவதில்லை, பெயின்ட் மங்கும். ஆகவே பிறந்த நாள் முதல் பிரியாத ஜோடியிலுங்கூட மேற்புறங்கள் இரண்டும் சற்றே வேறுபட்டுத் தோன்றலாம். அதற்காக மறு பெயின்ட் அடிக்கவேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியின் இல்லத்தில் எஸ்டேட் சேல் என்று கேள்விப்பட்டு அதிகாலையிலேயே சென்றேன். பேஸ்மென்டில், 806 ஜோடி ஒன்று, அவகாடோ நிறத்தில், நாற்பதாண்டுகளுக்கு மேலாக நின்ற இடத்திலேயே நின்றது. டிரையரின் பக்கவாட்டில், அந்த அம்மையாரின் காலஞ்சென்ற கணவர் பென்சிலால் எழுதிய குறிப்புகள்: இந்தத் தேதியில் பெல்ட் மாற்றியது, இந்தத் தேதியில் பஞ்சுத்தூசி அகற்றியது என்று வரிசையாக, ஒரே கையெழுத்தில், கடைசி இரண்டு வரிகள் மட்டும் கை நடுங்கி. எனக்கு முன்னே வந்த ஒருவர் வாஷரை மட்டும் கேட்டு நல்ல விலையும் சொல்லியிருந்தார். கூட வந்த என் மனைவி, “என்னங்க, ரெண்டையும் சேர்த்தே கேளுங்க, ஒண்ணை விட்டுட்டுப் போனா உங்களுக்குத் தூக்கம் வராது” என்றாள். சேர்த்தே கேட்டேன். இரண்டும் ஒரே வீட்டில் இருக்குமா என்று மட்டும் அந்த அம்மையார் வினவினார். இருக்கும் என்று வாக்களித்தேன். அவர் சொன்ன தொகை, மற்றவர் வாஷருக்கு மட்டும் கொடுக்க முன்வந்ததைவிடக் குறைவு. அந்தப் பென்சில் எழுத்தின்மேல் ஈரத்துணி படாதபடி இன்றுவரை காத்து வருகிறேன்.

கொண்டுவரும்போது வாஷரை நிமிர்த்தியே கொண்டுவரவேண்டும். என் இரண்டாவது வாஷரை வண்டியில் இடமில்லையென்று படுக்கவைத்து வந்ததில், தொட்டி ஊஞ்சலாடி ஸ்பிரிங்குகள் கழன்றதோடு, கியர் பெட்டியின் எண்ணெயும் கசிந்தது. தொட்டிக்கும் பெட்டிக்கும் இடையே பழைய கம்பளிகளைத் திணித்து, தள்ளுவண்டியோடு பட்டையால் இறுகக் கட்டி, படிக்கட்டில் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக ஏற்றவேண்டும். டிரையர் இலேசானது, அதற்கு இவ்வளவு கவலை இல்லை.

ஆனால் மின்சாரம் கொடுக்கும்போது அதிகம் அஞ்சவேண்டியது டிரையருக்குத்தான். பழைய டிரையர்கள் மூன்று முனை பிளக்கோடு வந்தவை. அவற்றில் நியூட்ரல் கம்பி யந்திரத்தின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். 1996-க்குப் பின் விதிகள் மாறி, புதிய இணைப்புகளுக்கு நான்கு முனை பிளக்கு அவசியமாயிற்று. நான்கு முனைக் கம்பியை மாட்டும்போது அந்தப் பழைய இணைப்புப் பட்டையை அகற்றிவிட்டு, உடலுக்குத் தனியே எர்த் கொடுக்கவேண்டும். 240 வோல்ட்டில் ஓடும் பொருள். ஐயம் இருந்தால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். முதன்முறை சூடேற்றுமுன் பெட்டியைத் திறந்து உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சுத்தூசி முழுவதையும் உறிஞ்சி எடுங்கள். வடிகட்டியைச் சுத்தம் செய்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். நெருப்புக்கு இரையாவது உள்ளே படிந்த தூசிதான். பழைய கம்பிகளின் உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடுமாதலால், உதிரும் உறையைச் சுரண்டவும் வேண்டாம்.

இவை தண்ணீரைத் தாராளமாகக் குடிப்பவை என்பது உண்மை. அக்காலத்தவரும் அதை உணர்ந்தே, சோப்பு நீரைப் பக்கத்துத் தொட்டியில் சேமித்து, அடுத்த துவைப்புக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சில மாதிரிகளில் வைத்தார்கள். அத்தகைய வாஷர் கிடைத்தால் விடவேண்டாம்.

என் கராஜில் இப்போது ஆறு ஜோடிகள் இருக்கின்றன; வாரத்துக்கு ஒரு ஜோடியாக எல்லாவற்றையும் முறைவைத்து ஓட்டுகிறேன், ஓடாமல் நிற்கும் சீல் காய்ந்து வெடித்துவிடும் என்பதால். உங்கள் வீட்டிலோ, உங்களுக்குத் தெரிந்த முதியவர் வீட்டிலோ இப்படி ஒரு ஜோடி நின்றுகொண்டிருந்தால், விற்பதாயினும் தானம் கொடுப்பதாயினும், தயவுசெய்து இரண்டையும் ஒருவருக்கே கொடுங்கள்.