இடுப்பு மூட்டு தளர்ந்த நாய்களுக்கு அப்பியாச சிகிச்சை

இரணியல் பகுதியில் வீட்டையும் தென்னந்தோப்பையும் வாழைத்தோட்டத்தையும் காப்பதற்கு நாய் வளர்ப்போர் பலர். நாட்டு நாய்களோடு அல்சேஷியன், லாப்ரடார் முதலிய பெருஞ்சாதி நாய்களும் இக்காலத்தில் வளர்க்கப்படுகின்றன. இப்பெருஞ்சாதிகளில் அதிகமாய்க் காணப்படுவது இடுப்பு மூட்டுத் தளர்ச்சி என்னும் வியாதியாகும். பின்னங்கால் தளர்ந்த நாயை இனிப் பயனில்லையென்று பலர் தள்ளிவிடுகின்றனர். அது தவறு.

நோயின் இயல்பு: தொடையெலும்பின் தலை, கிண்ணத்திற் பந்து பொருந்துவதுபோல இடுப்புக் குழியிற் பொருந்த வேண்டும். இந்நோயில் அப்பொருத்தம் தளர்ந்து, மூட்டு தேய்ந்து, நோவு உண்டாகிறது. 1935-ல் அமெரிக்காவில் ஷ்னெல் என்னும் மிருக வைத்தியர் இதனை நாய்களில் விவரித்தார். இது பரம்பரையாய் வருவது. மிகு தீனியால் முற்றும். காலையில் எழத் தடுமாறுதல், முயல்போல் இரு பின்னங்கால்களையும் சேர்த்துத் தாவுதல், படியேற மறுத்தல், தொடை மெலிதல் ஆகியவை குறிகள்.

எச்சரிக்கை: பின்னங்கால்கள் திடீரென விழுந்து, தாடை தொங்கி, எச்சில் ஒழுகினால் அது வெறிநோயாயிருக்கலாம். அந்நாயைத் தொடலாகாது, உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

வைத்தியர் பரிசோதித்து இடுப்பு மூட்டு நோயென்று உறுதிசெய்தபின், அவர் யோசனைப்படி அடியிற்கண்ட முறைகளை அனுசரிக்கலாம்:

1. தீனி: உடற்பாரத்தைக் குறைப்பதே முதற் சிகிச்சை. 48 லாப்ரடார் நாய்களைக்கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியில், நான்கிலொரு பங்கு குறைத்து உண்ட நாய்களுக்கு இடுப்பு மூட்டு வாதம் குறைந்தது. அவை ஏறக்குறைய இரண்டாண்டு அதிகமும் வாழ்ந்தன. சோறும் தேங்காயும் மிதமிஞ்சிக் கொடுத்தல் கூடாது.

2. ஒத்தடம்: மழைக்காலத்தில் மூட்டு விறைக்கும். இளஞ்சூடான துணியால் பத்து நிமிஷம் ஒற்றியெடுத்து, தொடைச் சதையை மெல்லப் பிடித்துவிடலாம்.

3. நடை: கயிற்றிற் பிடித்து, மெதுவாக, நாளைக்கு மூன்று வேளை ஐந்தைந்து நிமிஷம் தொடங்கி, நோவு இல்லையெனில் படிப்படியாய் உயர்த்தலாம். ஓடவும் குதிக்கவும் விடலாகாது.

4. உட்கார்ந்தெழுதல்: ஐந்து அல்லது ஆறு முறை செய்வித்தால் தொடைச்சதை வலுக்கும்.

5. நீர்நடை: நீர் இடுப்பு மட்டமிருந்தால், கால்கள் உடற்பாரத்தில் நூற்றுக்கு 38 பங்கையே தாங்குகின்றன. ஆகவே நோவின்றிச் சதை வலுக்கும். குடிநீருக்கு உதவாத குளத்தின் சரிவான கரையில், ஒருவர் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிஷத்தில் தொடங்குக. பின் நன்றாய்த் துவட்டுக.

6. தங்குமிடம்: வழுக்கும் சிமிட்டித் தரையில் கயிற்றுப்பாயோ சாக்கோ விரிக்க வேண்டும்.

மனிதருக்குரிய நோவு மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கலாகாது. ஐபுப்ரூபென் போன்றவை வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் விளைவிக்கும்.

நோயுள்ள நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது. குட்டி வாங்குவோர் தாய்தந்தை நாய்களின் நடையைக் கண்டு வாங்குக. பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு பிராணியைக் கைவிடுதல் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாதலால், கிராம அதிகாரிகளும் இதனை மக்களுக்கு எடுத்துரைத்தல் நலம். சில வாரம் பொறுமையுடன் பழக்கினால், காவற்பணி செய்த நாய் மீண்டும் வாசல்வரை நோவின்றி நடக்கக் கூடும்.