கம்பில்லாத இடத்தில் காலடி

அன்புள்ள மகளே,

நம் சிலம்ப மன்றத்தின் ஆண்டு மலரில், கேஷுவாலிட்டி இரவுப் பணியைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். விபத்தில் அடிபட்டு வந்த பையனின் மாமா உன் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தியபோது, கண்களை மூடி ஆழமாக மூச்சிழுத்துச் சிலம்பத்தை நினைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் மலரைக் கீழே வைத்துவிட்டேன்.

கண்ணை மூடச் சொன்னது யார்? உன் ஆசானைப் பழக்கியவன் நான். அவன் சொல்லியிருக்க மாட்டான். கம்பு வரும்போது ஒருமுறை இமைத்தால் போதும், நெற்றியில் பொட்டு விழுந்துவிடும். பயத்தில் பார்வை தானாகவே குறுகும். அதை அகலமாக வைத்திருக்கத்தானே இத்தனை வருஷம் பழகுகிறோம். கம்பின் நுனியைப் பார்க்காதே, தோளைப் பார் என்பார் என் ஆசான். தோள் அசைந்த பிறகுதான் கம்பு அசையும். கத்துகிற மனிதனுக்கும் தோள் இருக்கிறது. அது ஏறி நிற்கிறதா, தளர்கிறதா என்று கவனித்தால் அவன் கை ஓங்கப் போகிறானா, அழப் போகிறானா என்பது பெரும்பாலும் பிடிபடும். மூடிய கண்ணுக்கு என்ன பிடிபடும்?

மூச்சை நான் குறை சொல்லவில்லை. வெளிமூச்சை நீட்டி விட்டால் நாடி தணியும் என்பது செவிலியான உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இன்றைக்கு யார் எதை எழுதினாலும் மூச்சில் தொடங்கி மூச்சில் முடிக்கிறார்கள். மூச்சைச் சொல்லிக்கொடுக்க யோகா இருக்கிறது, பாட்டு வகுப்பும் இருக்கிறது. சிலம்பத்தின் சொத்து காலடி. உன் கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை.

மேடையிலும் இதே கதைதான். சாதனைப் புத்தகத்துக்காகக் குழந்தைகளை வெயிலில் நிறுத்தி மணிக்கணக்கில் கம்பு சுற்ற வைக்கிறார்கள். நின்ற இடத்திலேயே சுற்றுகிற பிள்ளைக்கு மணிக்கட்டு பழகும், விலகத் தெரியாது. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் சான்றிதழுக்கென்று வருகிறவர்கள் காலடிப் பாடத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

என் ஆசான் வைகை மணலில், விடியுமுன், கம்பே கொடுக்காமல் மாதக்கணக்கில் காலடி போடவைத்தார். உடம்பின் பாரம் எந்தக் காலில் இருந்தது என்பதை மணல் காட்டிக் கொடுத்துவிடும். குனிந்து தடத்தைப் பார்ப்பார், காலால் அழிப்பார், "மறுபடி போடு" என்பார். ஊரில் வரப்புத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அரிவாளோடு நிற்பவனுக்கு எதிரே போகமாட்டார். பக்கவாட்டில் போய், அவன் பார்க்கிற திசையையே தானும் பார்த்து நிற்பார். "எதுடா உன் வரப்பு, காட்டு" என்பார். அவனும் கையை நீட்டிக் காட்டுவான். வெட்ட ஓங்கிய கை அதோடு இறங்கிவிடும்.

அது கம்பில் கற்ற பாடம். சுழலும் கம்பின் வேகமெல்லாம் நுனியில்தான். ஒன்று, எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே புகுந்து பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவனுக்குத்தான் அடி.

இனி உன் மூன்றாம் பக்கம். டிரேயை வைத்துவிட்டு அந்த மாமாவின் பக்கமாக நகர்ந்து, பையனின் மானிட்டரைக் காட்டியதாக ஒரே ஒரு வரி. மகளே, அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் ஆசானை நீ பார்த்ததே இல்லை. அவர் வரப்பில் செய்ததை நீ கேஷுவாலிட்டியில் செய்திருக்கிறாய்! நேர்க்கோட்டை விட்டு விலகினாய், நுனிக்கு உள்ளே போனாய், அந்த மாமாவையும் உன்னையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தாய். நான் பழக்கிய யாரும் கம்பில்லாத இடத்தில் இவ்வளவு சுத்தமாகக் காலடி போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்கு ஒரு வரி, மூச்சுக்கு ஒரு பக்கமா?

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. இந்த வரியை விரித்து எழுது. எந்தக் கால் முதலில் போனது? டிரேயை ஏன் வைத்தாய், கை காலியாக இருக்க வேண்டும் என்றா? அவருடைய விரல் எப்போது இறங்கியது? உன்னோடு இரவுப் பணி பார்க்கிற, கம்பையே தொடாத பெண்கள் படித்துவிட்டு மறுநாளே செய்து பார்க்கும்படி எழுது. அடுத்த மலருக்குப் பங்குனியில் கேட்பார்கள். அதற்கு முன்னால் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரிய ஆசான்