வெள்ளாற்று நாடும் குமிழித் தூம்புகளும்

புதுக்கோட்டை ஜில்லாவை மேற்கிலிருந்து கிழக்காக ஊடறுத்துச் செல்லும் தென்வெள்ளாறு, முற்காலத்தில் சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் எல்லையாகக் கருதப்பட்டது. (கடலூர்ப் பக்கத்து வெள்ளாறு வேறு.) பெயர் பெரிதாயினும் இவ்வாற்றில் வருஷமுழுதும் ஜலம் ஓடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிக் கோடையில் வெறும் மணலாகிவிடும். பாம்பாறு, அக்கினியாறு இவற்றின் நிலையும் அதுவே. கல்லணைக் கால்வாய் மூலம் காவிரி நீர் பெறுவது அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு பகுதி மாத்திரம். ஏனைய பூமிகள் மழையையும் கண்மாயையும் கிணற்றையுமே நம்பியுள்ளன.

ஆகையால் இந்நாட்டுப் பயிர்த்தொழிலின் பூர்வீகச் சொத்து கண்மாய்களேயாம். கொடும்பாளூர் மூவர்கோயிலையும் சித்தன்னவாசல் ஓவியத்தையும் காண வெளியூரார் வருகின்றனர். அவ்வோவியத்தில் தீட்டப்பட்டிருப்பதும் மீனும் எருமையும் யானையும் நிறைந்த ஒரு தாமரைக் குளமே. ஆயின் ஆயிரம் வருஷப் பழமையுடைய கல்வேலை சில கண்மாய்களின் உள்வாயில் நிற்பதை உள்ளூராரே கவனிப்பதில்லை. அதுவே குமிழித் தூம்பு.

கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு கற்றூண்களை நாட்டிக் குறுக்குக் கற்களால் இணைத்திருப்பர். அவற்றின் அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடிக் கல்லிலுள்ள துவாரம் நீரோடி. பக்கத்தில் தரைமட்டத்தையொட்டியுள்ள சிறு துவாரங்கள் சேறோடி. குறுக்குக் கல்லின் துளைவழியே இறக்கிய கம்பினால் நீரோடியின் அடைப்பைத் தூக்கினால், நீர் தொட்டியில் விழுந்து, கரைக்கடியிலுள்ள சுருங்கை வழியாக வாய்க்காலை அடையும். அவ்வேகத்தில் சேறோடிகள் அடிவண்டலை இழுத்து வயலுக்கு அனுப்பும். இதனால் கண்மாய் முழுதும் தூர் நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. மடைவாய் தூராதிருக்கும், வயலுக்குக் கொஞ்சம் எருவும் சேரும், அவ்வளவே. ஆயினும் இக்காலத்து இரும்புக் கதவு மடைகள் பலவற்றில் இவ்வசதியும் இல்லை.

இத்தூண்கள் சிலவற்றில், தூம்பு செய்வித்தவர் பெயர் வெட்டப்பட்டுள்ளது. சமஸ்தான அரசு 1929-ம் வருஷத்தில் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுக்களைத் தொகுத்து அச்சிட்டது. 1948-ம் வருஷம் மார்ச்சு மாதம் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. கற்கள் அவ்விடத்திலேயே இருக்கின்றன. ஆனால் புதைந்தும் சாய்ந்தும் இருப்பதால், தூர்வாரும் மண்வாரி இயந்திரத்தின் ஒரே இழுப்பில் முறிந்துபோகும்.

எனவே மாசி, பங்குனியில் கண்மாய் வற்றியதும், இயந்திரம் இறங்குமுன், கிராம அதிகாரிகள் உள்வாயை நடந்து பார்த்து, தூம்புக் கல் உள்ள இடத்தைச் சுற்றிக் கழி நட்டு அடையாளமிடுதல் வேண்டும். அங்கே மண்வெட்டியும் கூடையுமே போதும். மடைமட்டத்திற்குக் கீழே ஆழமாகத் தோண்டிய குழிநீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதையும் ஆயக்கட்டுதாரர் மனத்திற்கொள்ளவும். எழுத்துள்ள கல் அகப்பட்டால், சுண்ணாம்பு பூசாமலும் துவைகல்லாக்காமலும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்திற்குத் தெரிவிக்கவும்.